பெலிசா கேட்ட பலாட்டோ

சேவல் சண்டை அரங்கத்து வாசலில் சூரை மீன் தாடை சுட்டு விற்கிற பெலிசாவுக்கு, பாஸ் டோமிங் என்ற பெயரைக் கேட்டாலே வாயில் எச்சில் ஊறும். துப்புவதற்குத்தான். ஆனால் துப்ப முடியாது, அவர் வாடிக்கைக்காரர். ஞாயிறு தவறாமல் வருவார், இருப்பதிலேயே பெரிய தாடையாகப் பார்த்து எடுப்பார், காசும் கொடுப்பார். காசோடு ஒரு கதையையும் அவிழ்த்துவிட்டுப் போவார்.

கதை எப்போதும் ஒன்றுதான். வெளியூர்க்காரன் எவனாவது கூட வந்திருப்பான். பாஸ் டோமிங் எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவளைக் கண்ணால் காட்டுவார்.

"இந்தம்மா யாருன்னு தெரியுதா? ருஸ்திக்கோ வீட்டுக்காரி. நம்ம உலக சாம்பியன் ருஸ்திக்கோ! நான்தான் அவனுக்கு மேனேஜர். 'பரே, சேத்து வை, சேத்து வை'ன்னு தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். கேட்டானா? தண்ணியா இறைச்சான். குத்துச்சண்டைக்காரன் கையில காசு, குரங்கு கையில பூமாலை."

வெளியூர்க்காரன் உச்சுக்கொட்டுவான். பெலிசா கரியை விசிறுவாள். பக்கத்தில் வெங்காயம் நறுக்கும் மகள் மாரிவெல் தலை நிமிர மாட்டாள். மாரிவெலின் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் இதே பாஸ் டோமிங்தான். அந்த உறவில்தான் அவர் ருஸ்திக்கோவைப் 'பரே' என்பார், பெலிசாவை 'மாரே' என்பார்.

ஒரு ஞாயிறு அவர் போனபின் மாரிவெல் கேட்டாள்: "அம்மா, அப்பா நெஜமாவே அவ்வளவு முட்டாளா?"

பெலிசா விசிறியைக் கீழே போட்டாள். பணம் போனது போகட்டும், வீடு போனது போகட்டும். பெற்ற பிள்ளையின் வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டதே! அந்த ஆளின் வாயாலேயே உண்மையை, நாலு பேர் கேட்க, பிடுங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

ருஸ்திக்கோ முட்டாள் கிடையாது. ரிங்குக்குள் மூடிய கை வெளியே வந்தால் மூடாது, அவ்வளவுதான் அவன் குற்றம். எங்கள் ஜெனரல் சாண்டோஸ் ஊரில் ஜெயித்தவன் தனியாகச் சாப்பிட முடியாது. சேவல் ஜெயிக்கட்டும், சீட்டு விழட்டும், பக்கத்தில் நின்றவன் தோளைத் தட்டிப் "பலாட்டோ" என்பான். கொடுத்தாக வேண்டும். அது கடனும் கிடையாது, பிச்சையும் கிடையாது, அதிர்ஷ்டத்தில் பங்கு. கொடுக்காதவனை அதிர்ஷ்டம் மறுபடி எட்டிப் பார்க்காது என்பார்கள். அதிர்ஷ்டம் எப்படியோ, ஊர் அவனைக் கருமி என்று சாகும்வரை கூப்பிடும்.

ஒசாகாவில் பட்டம் ஜெயித்துத் திரும்பிய மறுநாள் விடியும்போதே ருஸ்திக்கோவின் வாசலில் கூட்டம். ஒருவனுக்கு ஜீப்னி வண்டிக்கு இன்ஜின், ஒருவனுக்குச் சவப்பெட்டி, ஒருத்திக்குப் பள்ளிக் கட்டணம், மாதா கோயிலுக்குக் கூரைத் தகடு. குலாஸ் என்று ஒருவன் இருந்தான். அவன் அம்மா ஒரே வருஷத்தில் நாலு தடவை சாகக் கிடந்தாள், நாலு தடவையும் ருஸ்திக்கோதான் பிழைக்க வைத்தான். பயிற்சிக்கென்று கூடச் சேர்ந்தவர்கள் தனி. துண்டு பிடிக்க ஒருவன், தண்ணீர் பிடிக்க ஒருவன், தண்ணீர் பிடிக்கிறவனுக்குக் குடை பிடிக்க ஒருவன். அத்தனை பேருக்கும் பெலிசா வடித்துக் கொட்டினாள். இடுப்பு ஒடிந்தாலும் முகம் சுளித்ததில்லை. சாம்பியன் வீட்டு அடுப்பு அணையலாமா?

பாஸ் டோமிங் அந்த வாசலில் நிற்கிற அழகே அழகு. யாராவது தன் பக்கம் கை நீட்டினால் சட்டைப் பையைத் திருப்பிக் காட்டுவார். "நான் வெறும் மேனேஜர்ப்பா. சாம்பியன் உள்ள இருக்கார், போய்க் கேளு" என்று கூட்டத்தை உள்ளே திருப்பிவிடுவார். அவர் தின்றது வேறு வாசல் வழியாக. ஒவ்வொரு சண்டைக்கும் முதலில் அவருடைய மூன்றில் ஒரு பங்கு. பிறகு செலவு. பிறகு அந்தச் செலவைப் பார்த்துக்கொள்கிறவனுக்கான செலவு. பிறகு, "பரே, சூரை பிடிக்கிற படகுல உனக்கும் பங்கு போட்டிருக்கேன்" என்றார். பிறகு வீடு.

மலைச் சரிவில் ருஸ்திக்கோ கட்டிய வீட்டின் வாசல் தூண்களில் சிமெண்டில் இரண்டு கையுறைகள் இருக்கும், நீங்கள் பார்த்திருக்கலாம். "வரிக்காரன் மோப்பம் பிடிச்சுட்டு வர்றான். இப்போதைக்கு என் பேர்ல இருக்கட்டும்" என்றார் டோமிங். ருஸ்திக்கோ தலையாட்டினான். மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவனிடம் எழுதிக் கொடு என்று கேட்பது, பூசை வைக்கிற பாதிரியாரிடம் அடையாள அட்டை கேட்பது மாதிரி. எங்களில் எவனும் கேட்க மாட்டான். கேட்காமல் கெட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் மீன் துறைமுகத்தில் இடம் போதாது.

அப்புறம் இடது கண் போயிற்று. பட்டம் போயிற்று. இளம் பையன்கள் ஜெயித்துப் பழகுவதற்காக வெளிநாடுகளில் இரண்டு மூன்று முறை அடி வாங்கினான். முப்பது வயதுக்குள் எல்லாம் முடிந்தது. மற்றவன் ஒழுங்காகச் சம்பாதிக்கத் தொடங்குகிற வயதில் இவனுக்கு ஓய்வு. கையில் வந்தது சாகும்வரை காணவேண்டும், அடுத்த சண்டை என்ற ஒன்று வராமலே போகலாம் என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? அதைத் தின்றுகொண்டிருந்தவர்தான். படகு மூழ்கிவிட்டது என்றார். அது மிதந்ததை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. "உன் பயிற்சிக்கு நான் வாங்கின கடன் கழுத்தை நெரிக்குது பரே" என்று சொல்லி, குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு, கையுறை வைத்த வாசலுக்குள் தன் குடும்பத்தோடு குடிபுகுந்தார். அந்த வாரமே கூட்டமும் கலைந்தது. குடை பிடித்தவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ருஸ்திக்கோ துறைமுகத்தில் தோளில் சூரை மீன் சுமக்கிறான். அவனுக்கு யார் மேலும் கோபம் கிடையாது. "விடு பெலி. பரேதானே சாப்பிட்டான், நல்லா இருக்கட்டும்" என்பான். அவன் கோபத்தையும் சேர்த்துப் பெலிசாதான் சுமந்தாள்.

அந்த வருஷத் திருவிழாவின் பெரிய சேவல் போட்டியான டெர்பியில் பாஸ் டோமிங்கின் சிவப்புச் சேவல் வரிசையாக எல்லாச் சண்டையும் ஜெயித்தது. பரிசுப் பணம் சாக்கில் கட்டும் அளவு. அதோடு அவர் நகர சபைத் தேர்தலிலும் நின்றிருந்தார், ஊரெல்லாம் அவர் பல்தான் சுவரொட்டியில். வழக்கம்போல, பலாட்டோ கேட்டுக் கூட்டம் சூழ்வதற்குள் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார். பின்வாசலுக்கு எதிரேதான் பெலிசாவின் அடுப்பு. அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்ததும் அவரை மாட்டிவிட அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

எங்கள் வானொலியில் விடியற்காலையில் நோனோய் என்ற பையன் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறான். காணாமல் போன ஆடு, கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி, உதவி செய்தவர்களுக்கு நன்றி, எல்லாம் அதில்தான். மீன்காரி முதல் மேயர் வரை கேட்பார்கள். மறுநாள் பெலிசா அதற்குப் போன் போட்டாள்.

"நோனோய் தம்பி, நான் பெலிசா. சாம்பியன் ருஸ்திக்கோ வீட்டுக்காரி. ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்."

"சொல்லுங்கக்கா, யாருக்கு?"

"டெர்பி ஜெயிச்ச பாஸ் டோமிங்குக்கு. அவர் பின்வாசல் வழியா போயிட்டாருன்னு சில பேர் தப்பாப் பேசுறாங்க. பேசுற வாய் அழுகிடும். அந்த நெரிசல்ல குடுத்தா வயசானவங்களுக்குக் கிடைக்காதேன்னுதான் போயிருக்கார். வீட்டு வாசல்ல வச்சு ஒவ்வொருத்தருக்கா நிதானமா குடுப்பார் தம்பி. அந்த மனசு யாருக்கு வரும்?"

"ஆகா! எத்தனை மணிக்குக்கா வரணும்?"

"சேவலுக்குத் தீனி போட ஆறு மணிக்கே எந்திரிச்சிடுவார். தேர்தல் வரைக்கும் தெனமும் குடுப்பார்னு நெனைக்கிறேன். அப்புறமும் குடுப்பார். கருமியா அவர்?"

போனை வைத்துவிட்டு அடுப்பை வழக்கத்தைவிடச் சீக்கிரமே மூட்டினாள். சந்தோஷத்தில்தான்.

அன்றைக்கே கையுறை வாசலில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. தேர்தலில் நிற்கிறவர் வானொலிக்குப் போன் போட்டு 'நான் கொடுக்க மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? பாஸ் டோமிங் பல்லைக் காட்டிக்கொண்டு தலைக்கு இருபது பெசோவும் ஒரு தேர்தல் துண்டுச்சீட்டுமாகக் கொடுத்தார். ஒரு நாளோடு போகும் என்று நினைத்தார். அங்கேதான் ஏமாந்தார், கூட்டத்துக்குச் சோறு போட்ட அனுபவம் அவருக்கு ஏது? பெலிசாவுக்கு அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு வயிறும் தெரியும். யார் அழுவான், யார் காலில் விழுவான், யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தேடிப் போய் ஒவ்வொருவராகக் கிளப்பினாள்.

"குலாஸ், அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"போன வாரத்துலேர்ந்து மூச்சு வாங்குது அக்கா."

"அடப்பாவி, அப்புறம் இங்க என்ன பண்றே? பாஸ்கிட்ட போ. தனியா போகாத, அம்மாவைக் கூட்டிட்டுப் போ. வாசல்ல உக்கார வை. அவர் சம்சாரம் பூசைக்குக் கிளம்புற நேரமாப் பாத்து உக்கார வை."

"இருபது பெசோதானே குடுக்குறாரு?"

"இருபதை வாங்காத. 'உங்க கௌரவத்துக்கு இது அழகா பாஸ்'னு திருப்பிக் குடு. சத்தமா சொல்லு."

குலாஸ் சத்தமாகவே சொன்னான். இருபது ஐம்பதாயிற்று, ஐம்பது ஐநூறாயிற்று. துண்டு பிடித்தவன் தன் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் பன்றி கேட்டான். குடை பிடித்தவன் குடைக்கடை வைக்கக் கேட்டான். கேட்டதைக் கொடுக்காவிட்டால் எதிர்க்கட்சிக்காரன் வாசலுக்குப் போய், பாஸ் டோமிங் கையை உதறிய கதையைச் சொல்வார்கள். பாஸ் டோமிங் சேவல்களை ஒவ்வொன்றாக விற்றார். சிவப்புச் சேவலையும் விற்றார். பிறகு பிக்கப் வண்டியை விற்றார். ஒவ்வொரு செய்தியும் பெலிசாவின் அடுப்படிக்கு வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் அவள் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு ஞாயிறு அவர் வாடகை ட்ரைசைக்கிளில் வந்து இறங்கினார். கூட வெளியூர்க்காரன் யாரும் இல்லை.

"மாரே, என்ன விளையாட்டு இது?"

"என்ன பாஸ்? ரேடியோவுல நன்றிதானே சொன்னேன். திட்டினா தப்பு, நன்றி சொன்னாலுமா தப்பு?"

"குளிக்கப் போனா நிக்கிறாங்க. சாப்பிட உக்காந்தா ஜன்னல்ல நிக்கிறாங்க. கதவைச் சாத்த முடியல. எப்படித்தான் இல்லேன்னு சொல்றது?"

பெலிசா அவருக்கென்று பெரிய தாடையாகப் பார்த்து வாழையிலையில் வைத்தாள்.

"சேத்து வைங்க பாஸ்" என்றாள். "தண்ணியா இறைக்காதீங்க."

அவர் சாப்பிடாமலே போனார். மாரிவெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அத்தோடு முடிந்திருந்தால் பழி தீர்ந்த கதையாகியிருக்கும். ஊர் என்று ஒன்று இருக்கிறதே! தேர்தல் நெருங்க நெருங்க, தாடை தின்ன வந்தவர்கள் வேறு மாதிரி பேசத் தொடங்கினார்கள். "பாவம் பாஸ் டோமிங், தங்கமான மனுஷன். இருந்ததையெல்லாம் ஏழைகளுக்கு வாரிக் குடுத்துட்டு ட்ரைசைக்கிள்ல போறார்" என்றான் ஒருவன். "வண்டியை வித்துக் குடுத்தாராம்யா!" என்றான் இன்னொருவன், கண் கலங்கி. பெலிசாவுக்குக் கையிலிருந்த இடுக்கி நழுவியது. இதே வாய்கள்தானே ருஸ்திக்கோ கொடுத்தபோது கிறுக்கன் என்றன? அவன் கொடுத்தால் ஊதாரி, இவர் கொடுத்தால் வள்ளலா? அடுப்பை மூட்டியது அவள், சோறு வெந்தது அவர் பானையில். பாஸ் டோமிங் தேர்தலில் ஜெயித்தார், பெரிய வித்தியாசத்தில்.

வெற்றி விருந்து கையுறை வீட்டு முற்றத்தில், மத்தியானம். முழுப்பன்றிகள் வாட்டப்பட்டு மேசையில் கிடந்தன. ருஸ்திக்கோ முதுகில் பெயர் எழுதிய பழைய பளபளச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"எங்க போற?" என்றாள் பெலிசா.

"பரே ஜெயிச்சிருக்கான். போகலேன்னா நல்லாவா இருக்கும்?"

"நம்ம வீட்டுக்கு நாமளே விருந்தாளியாப் போகணுமா?"

"ஒரு வாய் சோறுதானே பெலி."

அவள் புகை வாடையோடு, மாரிவெல்லையும் இழுத்துக்கொண்டு, பின்னாலேயே போனாள். அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அங்கே ஊரே இருந்தது. குலாஸ், அவன் அம்மா, துண்டு பிடித்தவன், குடை பிடித்தவன், பாதிரியார், மைக்கோடு நோனோய். பாஸ் டோமிங் ருஸ்திக்கோவைப் பார்த்ததும் மேடைக்கு அழைத்துக் கட்டிப் பிடித்தார்.

"என் பரே! எல்லாத்தையும் தொலைச்சுட்டு நின்னான், நான் கைவிட்டேனா? சேத்து வைடான்னு எவ்வளவோ சொன்னேன்..."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ருஸ்திக்கோவும் சிரித்தபடி தலையை ஆட்டினான். பெலிசா மகளைப் பார்த்தாள். மாரிவெல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தூணில் சிமெண்டுக் கையுறை.

"பலாட்டோ! பலாட்டோ!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். கூட்டம் பிடித்துக்கொண்டது. பாஸ் டோமிங்குக்குக் கள்ளும் வெற்றியும் சேர்ந்து ஏறியிருந்தன.

"கேளுங்க! இன்னிக்கு யார் என்ன கேட்டாலும் உண்டு!"

"எனக்கு" என்றாள் பெலிசா.

கூட்டம் விலகி வழி விட்டது. பாஸ் டோமிங் கைகளை விரித்தார். "என் மாரே! எல்லாரும் பாத்துக்குங்க, இவ என்கிட்ட இதுவரைக்கும் ஒரு பெசோ பலாட்டோ கேட்டதில்ல. கேளு மாரே!"

"காசு வேணாம் பாஸ். ஒரு வார்த்தை போதும். இந்த வீடு யாரு கட்டினது?"

அவர் சிரித்தார். "ஊரோட வீடு! உங்க எல்லாருடைய வீடு!" பாதிப் பேர் கை தட்டினார்கள்.

"பலாட்டோ கேட்டா மழுப்பக் கூடாது. ஜெயிச்சவர் நீங்க. யாரு கட்டினது?"

கை தட்டல் அடங்கியது. ருஸ்திக்கோ, "பெலி, விடேன்" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முன்வரிசையில் இருந்த, சேவலுக்குக் கத்தி கட்டுகிற கிழவர் ஒருவர் பன்றித்தோலை மென்றபடியே சொன்னார்: "குடுத்துடு டோமிங். வாயால குடுக்கிறது, கை நோகாது. ஜெயிச்ச அன்னிக்கே பலாட்டோவை மறுத்தவன் எவனும் உருப்பட்டதில்ல."

"ஆமா, குடுங்க பாஸ்" என்றான் குலாஸ். எதைக் கொடுக்கச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. எது கொடுக்கப்பட்டாலும் அவன் பக்கம்.

பாஸ் டோமிங் பாதிரியாரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சட்டைப் பொத்தானிடம் ஏதோ முனகினார்.

"காதுல விழல. மைக்கைக் கிட்ட வச்சுச் சொல்லுங்க."

"டிக்கோ" என்றார். வீட்டில் எல்லோரும் ருஸ்திக்கோவை அழைக்கும் பெயர். "டிக்கோ கட்டின வீடு."

"யாரு அடி வாங்கின காசுல?"

"டிக்கோ காசுல."

"உங்க காசு எவ்வளவு இதுல?"

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அடுத்த தெரு வரை கேட்டிருக்கும்.

"ஒண்ணும் இல்ல" என்றார் நகர சபை உறுப்பினர்.

மாரிவெல் நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். ருஸ்திக்கோ ஒற்றைக் கண் கலங்க, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். பெலிசாவுக்கு நெஞ்சில் கிடந்த கரித்துண்டு ஒன்று உஸ்ஸென்று அணைந்தது. ஒரு சொல்லால் வீடு திரும்பாது, அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இனி அந்த ஆள் எந்த வெளியூர்க்காரனிடமும் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறவனே சிரிப்பான்.

முதலில் அசைந்தவன் குலாஸ். பாஸ் டோமிங்கைத் தாண்டி, மேடையின் மறுபக்கத்துக்கு நகர்ந்து, ருஸ்திக்கோவின் தோளை மெதுவாகத் தட்டினான்.

"சாம்பியன், அப்போ வீடு உங்களோடதா? நான் அன்னிக்கே சொன்னேனே! எங்க வீட்டுக் கூரை ஒழுகுது சாம்பியன், ரெண்டு தகடு..."

துண்டு அவன் பின்னால் வந்தான். குடை அதற்குப் பின்னால். ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ருஸ்திக்கோவின் முகம் மலர்ந்தது. எத்தனை வருஷம் கழித்து அவனிடம் ஒருவர் கேட்கிறார்! அந்த வாரம் மீன் சுமந்த கூலி சட்டையின் உள்பையில் இருந்தது. அவன் கை அதை நோக்கிப் போனது.

பெலிசா பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். உலகமே பயந்த கை அது. இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒருமுறைகூடப் பிடித்து நிறுத்தியதில்லை.

"அவன் கேக்குறான் பெலி" என்றான் ருஸ்திக்கோ, குழந்தை மாதிரி.

"கேக்கட்டும்" என்றாள் பெலிசா. கையை விடவில்லை.